கூரை விசிறியின் நோயும் மருந்தும்

பங்குனி கழிந்து சித்திரை பிறக்கும் வேளையிலே கொழும்பு மாநகரின் இரவு எத்தகையது என்பதை அறிய விரும்புவோர், மாளிகாவத்தைத் தொடர்மாடி வீடுகளில் மேல்மாடி வீடொன்றிலே ஓர் இரவு தங்கிப் பார்த்தல் வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் மாத முற்பகுதியில் ஞாயிறு இத்தீவின் உச்சிக்கு நேரே வந்து நிற்கின்றது. பகல் முழுவதும் அவ்வெயிலைப் பருகிய காங்கிறீற்றுத் தட்டு, பொழுது சாய்ந்த பின்னரே தான் உண்ட சூட்டை மெல்ல மெல்லக் கீழே விடத் தொடங்கும். கடற்காற்று வீசுவது உண்மையே. ஆனால் அது காலிமுகத்திடலில் உலாவுவோருக்கு உரியது. புறக்கோட்டையையும் மருதானையையும் கடந்து, நெருங்கி நிற்கும் சுவர்களுக்கிடையே நுழைந்து இவ்வீட்டின் சன்னலை எட்டும்போது அக்காற்றின் வலியெல்லாம் ஒடுங்கிப் போகும். அங்கே மனிதனுக்கு உறக்கத்தை அளிப்பது தலைக்கு மேலே சுழலும் விசிறி ஒன்றேயாகும்.

அத்தகைய வீடு ஒன்றை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்வார்களாக. தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கும் தாய் ஒருவர். இழுப்பு நோயால் வருந்தும் அவருடைய முதிய தந்தை. பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். ஓர் இரவு ஆளியை அழுத்தியபோது விசிறி முனகுகின்றதேயன்றி அசையவில்லை. மூத்த மகன் மேசைமேல் ஏறி நின்று, இறகை விரலால் ஒரு தள்ளுத் தள்ளுகின்றான்; விசிறி சுழலத் தொடங்குகின்றது. "சரி வந்துவிட்டது, உம்மா" என்று குதித்து இறங்குகின்றான். மறுநாளும் அதே முனகல், அதே தள்ளு. ஒரு கிழமை இவ்வாறு செல்ல, விசிறியின் வேகம் குறைந்து, முதியவருக்குக் காற்றே எட்டாத நிலை வருகின்றது. பக்கத்து வீட்டார் வந்து பார்த்து, மோட்டார் எரிந்துவிட்டது, புதியது வாங்குவதே வழி என்று தீர்ப்பளிக்கின்றார்கள். புதிய விசிறிக்கோ பல்லாயிரம் ரூபாய் வேண்டும். அந்தத் தாயிடம் இருப்பது பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கென்று எடுத்து வைத்த பணம் மாத்திரமே.

பக்கத்து வீட்டார் கூறியது தவறு. அந்த மோட்டார் எரியவில்லை. ஆயினும் இன்னும் சில நாள் அவ்வாறே விட்டிருந்தால் எரிந்திருக்கும் என்பதும் உண்மை. ஆகவே தீர்ப்பு அளிப்பதற்கு முன் விசிறியின் உள்ளே நடப்பது யாது என்பதைச் சற்று அறிதல் நன்று.

சாதாரண மோட்டாரில் நடுவிலுள்ள உருளை சுழல, வெளிக்கூடு அசையாது நிற்கும். கூரை விசிறியில் இது தலைகீழாகும். செப்புக் கம்பி சுற்றிய பகுதி நடுத்தண்டோடு பொருந்தி அசையாமல் நிற்க, வெளிக்கூடே இறகுகளைத் தாங்கிக்கொண்டு சுழல்கின்றது. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று அழுத்தமுடையது. செக்கனுக்கு 50 முறை முன்னும் பின்னுமாக மாறுவது. இத்தகைய மின்சாரம் ஒற்றைச் சுருளில் பாயும்போது அங்கே தோன்றும் காந்த விசை முன்னும் பின்னும் துடிக்குமேயன்றிச் சுழலாது. ஊஞ்சலின் நேர் மேலே நின்று அதனைத் தள்ள முயல்பவன் நிலை அதற்கு. எனவே இரண்டாவது சுருள் ஒன்றைச் சேர்த்து, அதில் பாயும் மின்னோட்டம் முதற்சுருளின் மின்னோட்டத்துக்குச் சற்று முந்திச் செல்லுமாறு செய்கின்றார்கள். இரு துடிப்புக்களும் ஒன்றையொன்று தொடர்ந்து வரும்போது காந்தப்புலம் சுற்றத் தொடங்குகின்றது. கூடும் அதனைப் பின்பற்றிச் சுற்றுகின்றது. இவ்வாறு ஒன்றை முந்தச் செய்யும் கருவியே கொள்ளளவி. நூல்களில் கொள்ளளவி என்பதைத் தொழிலாளர் கப்பாசிற்றர் என்பர். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய இப்பொருளின் மேல் 2.5 மைக்ரோபரட் என்றோ அதனை அடுத்த ஓர் எண்ணோ பொறிக்கப்பட்டிருக்கும்.

கொள்ளளவி செத்துவிட்டால் விசிறி முனகும், தானே புறப்படாது. எவரேனும் தள்ளிவிட்டால், தள்ளிய பக்கம் எதுவோ அப்பக்கமாகச் சுழலும். மாளிகாவத்தைப் பையன் கண்டது இதுவே. கொள்ளளவி முற்றிலும் சாகாமல் நாளடைவில் வலுவிழப்பதும் உண்டு. அப்பொழுது விசிறி புறப்படும். வேகம் மட்டும் ஆண்டுக்காண்டு குறையும். குறைவு படிப்படியாக வருவதால் வீட்டார் அதனை உணர்வதில்லை. இவ்வாண்டு வெயில் அதிகம் என்று வானத்தைக் குறை கூறுவார்கள்!

முனகிக்கொண்டு நிற்கும் விசிறியை அவ்வாறே விட்டுவைத்தல் பெரும் பிழை. சுழலாத மோட்டார் சுழலும் மோட்டாரைவிட மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். அதனைக் குளிர்விக்கும் காற்றும் இல்லை. சுருளின் மேற்பூச்சு உருகிக் கருகும் நாற்றம் எழுந்துவிட்டதாயின் சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை சுருள் முழுவதையும் அவிழ்த்துப் புதிதாகச் சுற்றும் வேலையாகிவிடும். ஆகவே முனகல் கேட்டவுடன் ஆளியை நிறுத்துவதே முதல் மருந்து.

இனி, வீட்டார் தாமே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மின்சாரத்தைப் பிரதான ஆளியிலே நிறுத்திவிட்டு, உறுதியான ஏணியில் ஒருவர் ஏற, மற்றொருவர் அதனைப் பிடித்துக்கொள்ள, விசிறியைக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். ஓசையின்றி நெடுநேரம் சுழன்று தானாக நின்றால் பெயரிங் எனப்படும் குண்டுத் தாங்கிகள் நலமாயுள்ளன. ஐயம் கொள்ளளவியின் மேலது. இரண்டு சுற்றில் நின்றுவிட்டாலோ, மணல் அரைவது போன்ற ஓசை எழுந்தாலோ நோய் தாங்கியிலே உள்ளது. விசிறி முனகவும் இல்லை, அசையவும் இல்லையென்றால் மின்சாரமே அங்கு சேரவில்லை என்று கொள்ளலாம். அப்பொழுது பார்க்க வேண்டியவை உருகி, ஆளி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் றெகியுலேற்றர், கிண்ணத்துள் இருக்கும் இணைப்பு ஆகியவை. பல வீடுகளில் விசிறி நின்றுபோனதற்குக் காரணம் றெகியுலேற்றரே. விசிறியைக் கழற்றி இறக்கிய பிறகே அது தெரியவரும்.

பிரதான ஆளியிலே நிறுத்த வேண்டும் என்று கூறியது வெறும் எச்சரிக்கை அன்று. பழைய வீடுகள் பலவற்றில், கவனமின்றி இணைத்தவர் கைப்பிழையால், சுவரிலுள்ள ஆளி உயிர்க்கம்பியில் அமையாமல் மற்றக் கம்பியில் அமைந்திருக்கும். அங்கே ஆளியை நிறுத்தினால் விசிறி நிற்கும். ஆனால் மேலே மின்சாரம் நின்றபாடில்லை. ஆளி நின்றுவிட்டது என்று நம்பிக் கை வைப்பவர் உயிருக்கு அது ஆபத்து. டெஸ்டர் எனப்படும் திருப்புளி ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. அது ஒளிராததைக் கண்ட பின்னரும் பிரதான ஆளியை நிறுத்தியே வேலையைத் தொடங்க வேண்டும். மின்கசிவு நேர்ந்தால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இன்று பெரும்பாலான வீடுகளில் உண்டு. அது அடிக்கடி விழுகின்றது என்பதற்காக அதனை விலக்கி நேரே இணைத்துத் தரும் கைகாரர்களும் உண்டு. அவர்களை வீட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புதல் தகும்.

மாளிகாவத்தை வீட்டுக்கு மீள்வோம். அந்தத் தாய் புதியது வாங்குமுன் அயலிலுள்ள முதிய மின்சார பாஸ் ஒருவரை அழைக்கின்றார். பாஸ் என்பது கொழும்பில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருங்கே வழங்கும் சொல்; கைத்தொழிலில் தேர்ந்தவருக்கு உரிய மரியாதை அச்சொல்லில் அடங்கியுள்ளது.

"நானா, மோட்டார் எரிந்துபோனதென்று சொல்லுகிறார்களே?" என்று தாய் கேட்கின்றார்.

பாஸ் மேலே ஏறவில்லை. சற்று நேரம் மூக்கை உறிஞ்சிப் பார்க்கின்றார். "எரிந்த மணம் ஒன்றும் இல்லையே, மகள். முதலில் மெயினை நிறுத்துங்கள்" என்கின்றார். பின்னர் ஏறி, கையால் சுழற்றுகின்றார். விசிறி வழுக்கிக்கொண்டு ஓடுகின்றது. மேற்கிண்ணத்தின் திருகாணியைத் தளர்த்திக் கீழே இறக்கி, கொள்ளளவியை வெளியே எடுத்துக் காட்டுகின்றார். அதன் பக்கம் வயிறு ஊதியதுபோல் வீங்கியிருக்கின்றது. "இதுதான் ஆள்" என்கின்றார்.

வெளியே எடுக்குமுன் அவர் செய்த ஒரு சிறு செயலைப் பையன் கவனித்திருப்பான். கைப்பிடி மூடிய திருப்புளியால் கொள்ளளவியின் இரு முனைகளையும் அவர் ஒருமுறை தொட்டுவிட்டார். கொள்ளளவி மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் பொருள். வழக்கமாக அவ்வேற்றம் சுருள்களின் வழியே தானே வடிந்துவிடும்; ஆயினும் உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தால் வடியாது நிற்கும். அவ்வதிர்ச்சி சிறியதே. ஏணியின் உச்சியில் நிற்பவரைக் கீழே தள்ள அது போதும்.

புதிய கொள்ளளவி வாங்கும்போது பழையதன் எண்ணையே கேட்டு வாங்க வேண்டும். எண் பெரிதானால் காற்றும் பெரிதாகும் என்று எண்ணி இருமடங்கு வாங்கிப் பூட்டுவோர் உளர். சில நாள் விசிறி விரைந்து சுழலலாம். சுருளோ சூடேறி ஆயுள் குன்றும். அதன்மேல் எழுதியுள்ள வோல்ற்று அளவு 400க்குக் குறையாதிருத்தலும் வேண்டும், 230 வோல்ற்று வீட்டுக்கு 250 வோல்ற்றுப் பொருள் போதாதா என்று கேட்கலாம், போதாது, சுழலும் விசிறியில் கொள்ளளவியின் குறுக்கே எழும் அழுத்தம் வழங்கல் அழுத்தத்தைவிட மிகுதியாகும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்பொருட் கடைகளுக்குக் குறைவில்லை. பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குதலே பிழையற்ற வழி.

கம்பிகளைக் கழற்றுமுன் எந்நிறம் எங்கே இருந்தது என்பதைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். நிறங்கள் விசிறிக்கு விசிறி மாறுபடும். கொள்ளளவியைத் துணைச்சுருளுக்குப் பதிலாக முதற்சுருளோடு இணைத்துவிட்டால் விசிறி எதிர்ப்பக்கமாகச் சுழலும். காற்றோ கூரையை நோக்கிப் போகும். பழுதுபார்த்த விசிறி சுழன்றும் காற்று வரவில்லை என்று முறையிடுவோர், அது எப்பக்கம் சுழல்கின்றது என்பதை ஒருமுறை பார்ப்பார்களாக.

தாங்கிகளின் செய்தி வேறு. முன்னாளில் வந்த விசிறிகளில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெய் விடுவது வீட்டுக் கடமைகளுள் ஒன்று. அந்நினைவாலே இன்றும் சிலர் தையற்பொறி எண்ணெயைக் கொண்டுவந்து விசிறியின் தண்டில் ஊற்றுகின்றார்கள். இக்கால விசிறிகளில் உள்ளவை கிறீஸ் நிரப்பி மூடிய குண்டுத் தாங்கிகள். மேலிருந்து ஊற்றிய எண்ணெய் அவற்றுள் புகாது; சுருளில் இறங்கித் தூசியோடு கலந்து களியாகும்; எஞ்சியது இரவிலே உறங்குவோர் முகத்தில் சொட்டும். தேய்ந்த தாங்கிக்கு எண்ணெய் மருந்தன்று. அதனை மாற்றவே வேண்டும். பெரும்பாலான விசிறிகளில் 6202, 6201 என்னும் எண்ணுடைய தாங்கிகளே உள்ளன. இவ்வெண்கள் உலகெங்கும் ஒன்றே. மாளிகாவத்தைக்கு அண்மையில் வாகன உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற பஞ்சிகாவத்தையில் எண்ணைச் சொன்னாலே எடுத்துத் தருவார்கள்.

தையற்பொறி என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. 1880களில் அமெரிக்காவில் கூரை விசிறியை அமைத்தவர்களுள் முதல்வராகப் போற்றப்படும் பிலிப் டீல், சிங்கர் தையற்பொறிகளுக்கு மின்மோட்டார் அமைத்தவர். அவ்வகை மோட்டாரையே அவர் கூரையில் ஏற்றி இறகு பூட்டினார் என்பர். பகலெல்லாம் தையற்பொறியின் முன் அமர்ந்து, இரவிலே விசிறியின் கீழ்ப் படுக்கும் மாளிகாவத்தைத் தாய்க்கு இவ்விரண்டும் உடன்பிறந்தவை என்பது வியப்பளிக்கலாம்.

விசிறி ஆடுவது பலரை அச்சுறுத்தும். ஆட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் இறகுகளே. இறகுகள் தொழிற்சாலையில் எடை பார்த்து ஒரு தொகுதியாகச் சேர்க்கப்படுகின்றன. ஆகவே ஒரு விசிறியின் இறகை மற்றொன்றில் பூட்டலாகாது. துடைக்கும்போது மேல்நோக்கி அழுத்தி வளைத்துவிடுவதும் உண்டு. ஒரு கோலைக் கூரையிலிருந்து நேரே தொங்கப் பிடித்து, ஒவ்வோர் இறகின் நுனியையும் அதனருகே கொண்டுவந்து அளந்தால், வளைந்தது எது என்பது தெரிந்துவிடும். எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தும் ஆட்டம் நீங்காவிடில், சிறு நாணயம் ஒன்றை ஒட்டுநாடாவால் இறகொன்றின் மேற்புறத்தில், நுனிக்கும் அடிக்கும் இடையில் ஒட்டி, மெல்லிய வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். ஆட்டம் மிகுந்தால் அடுத்த இறகுக்கு மாற்ற வேண்டும். எந்த இறகில் ஆட்டம் தணிகின்றதோ அதுவே எடை குறைந்த இறகு. சோதனை முடிந்தபின் நாணயத்தைப் பறந்து விழாதவாறு உறுதியாகப் பொருத்துதல் முக்கியம்.

ஆட்டத்தைவிட அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. அதுவோ ஓசை எழுப்புவதில்லை. விசிறி தொங்குவது கூரைக் கொக்கியில். இடையே றப்பர் உருளை ஒன்று. அதன் ஊடே செல்லும் ஓர் ஆணி. அவ்வாணியின் மரை கழன்று விடாதபடி காக்கும் பிளவு ஊசி. இச்சிறு ஊசியின் விலை மிக அற்பம். கொழும்பின் ஈரமும் உப்பும் கலந்த காற்றில் அது துருவேறி உதிர்ந்துவிட்டால், இரவுபகல் ஓயாத அதிர்வினால் மரை இழை இழையாகக் கழலும். மேல்மாடி வீடுகளில் மழைநீர் காங்கிறீற்றில் ஊறிக் கொக்கியையே அரிப்பதும் உண்டு; கொக்கியைச் சுற்றி மஞ்சட்கறையோ வெடிப்போ தோன்றுமாயின் விசிறியை அன்றே நிறுத்திவிட வேண்டும். கீழே படுத்திருப்பவர் பெரும்பாலும் முதியவரோ குழந்தையோ ஆவர். மேற்கிண்ணத்தை ஆண்டுக்கு ஒருமுறை இறக்கி, உருளையையும் ஆணியையும் ஊசியையும் கண்ணால் பார்ப்பதற்கு அரைமணி நேரம் போதும். இறகுகள் தரையிலிருந்து ஏழடிக்குக் குறையாத உயரத்தில் இருக்கின்றனவா என்பதையும் அப்பொழுதே பார்த்துக்கொள்ளலாம். ஈரடுக்குக் கட்டில் வாங்கிப்போடும் வீடுகளில் இது பெரிதும் மறக்கப்படுகின்றது.

தூசி துடைத்தல் எளிய வேலையே. பழைய தலையணை உறை ஒன்றை இறகின்மேல் மாட்டி, அடிப்புறத்தைக் கையால் தாங்கிக்கொண்டு, மெல்ல வெளியே இழுத்தால் தூசியெல்லாம் உறைக்குள்ளேயே தங்கிவிடும், படுக்கையில் விழாது. இழுப்பு நோயாளர் உள்ள வீட்டுக்கு இம்முறை மிக ஏற்றது. அடுப்புப் புகை படியும் வீடானால் சவர்க்கார நீரில் பிழிந்த துணி வேண்டும். மோட்டாரின்மேல் ஈரம் படக்கூடாது.

வேகம் குறைக்கும் கருவியைப் பற்றியும் ஒரு சொல். பழைய பெட்டி போன்ற றெகியுலேற்றர், விசிறிக்குக் கொடாத மின்சாரத்தின் ஒரு பகுதியைச் சூடாக்கி வீணாக்கிற்று. வேகத்தைக் குறைத்தாலும் கட்டணம் அவ்வளவாகக் குறையவில்லை. இக்காலச் சிறு கருவிகள் அவ்வாறு வீணாக்குவதில்லை. ஆயினும் அவற்றுள் ஒருவகை மின்னலையை வெட்டி அனுப்புவதால், குறைந்த வேகத்தில் விசிறி ரீங்காரம் செய்யும். அது நோயன்று.

கணக்கும் அறியத்தக்கது. 75 வாற்று விசிறி நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் அலகு. மாதத்துக்கு இருபத்திரண்டரை அலகு. புதிதாக வந்துள்ள நேர்மின் வகை விசிறிகள் ஏறத்தாழ 30 வாற்றிலே அதே காற்றைத் தருகின்றன. மாதத்துக்கு ஒன்பது அலகு போதும். அலகு ஏற ஏற விலையும் ஏறும் கட்டண முறையில் இது சிறிய வேறுபாடன்று. ஆனால் அவற்றுள் இருப்பது மின்னணுப் பலகை. அது பழுதானால் தெருமுனை பாஸால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய இயலாது. நல்ல செப்புச் சுருளுடைய பழைய விசிறியைக் கழித்துவிட அவசரப்பட வேண்டியதில்லை. மற்றொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை; உடலின் வியர்வையை ஆவியாக்கி உடலையே குளிர்விக்கின்றது. ஆளில்லாத அறையில் சுழலும் விசிறி எவருக்கும் பயனின்றி அலகை ஏற்றுகின்றது.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது, மேல்மாடி வீடுகளில் ஓலை விசிறிகள் மீண்டும் கைக்கு வந்தன. தாய்மார் ஒரு கையால் குழந்தைக்கு வீசிக்கொண்டே உறங்கிப்போவார்கள்; கை நின்றதும் குழந்தை விழித்துக்கொள்ளும். ஓயாது வீசும் ஒரு கையின் அருமை அந்நாட்களில் எல்லோருக்கும் தெரிந்தது. மின்சாரம் மீளும் வேளையில் அழுத்தம் ஏறியிறங்குவது உண்டாகையால், மின்சாரம் போனவுடன் விசிறியின் ஆளியை நிறுத்திவைத்து, மீண்டு சில நிமிடங்கள் கழித்துப் போடும் பழக்கமும் அப்பொழுதே பலருக்கு வந்தது. அப்பழக்கத்தை விட வேண்டியதில்லை.

மாளிகாவத்தை வீட்டிலே பாஸ் புதிய கொள்ளளவியைப் பூட்டி, பிளவு ஊசி துருவேறியிருந்ததைக் கண்டு அதனையும் மாற்றி, கிண்ணத்தை ஏற்றுமுன் அதன் உட்புறத்தில் அன்றைய தேதியைப் பென்சிலால் எழுதினார். "மகன், அடுத்த வருடம் இதே நாளில் திறந்து பார்" என்று பையனிடம் சொன்னார். மெயினைப் போடச் சொல்லிவிட்டு, ஆளியை அழுத்தும் வேலையை அவனுக்கே விட்டார். விசிறி முனகாமல் புறப்பட்டது. கட்டிலில் இருந்த முதியவர் சட்டையின் மேற்பொத்தானைக் கழற்றிவிட்டுச் சாய்ந்துகொண்டார்.